ஒரு வியாழக்கிழமையின் கதை



திண்ணையில் ஒரு தாத்தா உட்கார்ந்திருக்கிறார். வெளியே மழை பிடித்துக்கொள்கிறது. மழையைப் பார்த்ததும் அவருக்கு ஏதோ ஞாபகம் வருகிறது. "அந்தக் காலத்துல ஒரு தடவை இப்படித்தான்..." என்று வாயைத் திறக்கிறார். உள்ளேயிருந்து ஒரு குரல் வருகிறது: "ஆரம்பிச்சிட்டாருடா!" பேரன் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. தாத்தா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கொடியில் துணி காய்கிறதா என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிடுகிறார். மழை ஓய்கிறது. கதை சொல்லப்படாமலே போகிறது.

இன்றைய சொற்பொழிவு அந்தச் சொல்லப்படாத கதையைப் பற்றியது. ராஜா ராணி கதை அல்ல, வெற்றி வீரர்களின் கதை அல்ல. ஒவ்வொருவர் மடியிலும் முடிந்து வைத்த காசு போலக் கிடக்கும் சின்னஞ்சிறு சொந்தக் கதைகள். அவற்றைச் சொல்வதால் சொல்கிறவருக்கு என்ன கிடைக்கிறது? கேட்பதால் கேட்கிறவருக்கு என்ன கிடைக்கிறது? பொழுது போவது மட்டும்தானா?

பொழுது போவது மட்டும் அல்ல. வாழ்க்கையின் பொருள் என்று எதைத் தேடி மனிதர்கள் அலைகிறார்களோ, அது பெரும்பாலும் இந்தச் சின்னக் கதைகளுக்குள்தான் ஒளிந்திருக்கிறது. அதைக் காட்டுவதற்குத் தமிழகத்திலேயே நடந்த ஒரு சிறிய சம்பவத்திலிருந்து தொடங்கலாம்.

1880ஆம் ஆண்டு, அக்டோபர் 21, வியாழக்கிழமை. ஊர் கும்பகோணம். இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர் ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருக்கும் முன்சீப்பைப் பார்க்கப் போகிறார். இளைஞரின் பெயர் சாமிநாதையர். அந்த ஆண்டுதான் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்திருக்கிறார். முன்சீப்பின் பெயர் சேலம் இராமசாமி முதலியார்.

இளைஞர் சாதாரணமானவர் அல்லர். தமிழ் படிப்பதற்காகவே தந்தையோடு ஊர் ஊராகக் குடி மாறியவர். அரியலூர், குன்னம், கார்குடி என்று எங்கே தமிழ் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறதோ அங்கே அந்தக் குடும்பம் மூட்டையைக் கட்டியது. கடைசியில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்து, ஆசிரியர் கண்மூடிய 1876 வரை அவருடனேயே இருந்து பாடம் கேட்டவர். படித்த புத்தகங்களின் பட்டியலைச் சொன்னாலே கேட்கிறவர் மலைத்துப்போவார்.

முன்சீப் மலைக்கவில்லை. யாரிடம் படித்தீர்கள் என்று கேட்டார். இளைஞர் ஆசிரியரின் பெயரைச் சொன்னார். அந்தப் பெயரைக் கேட்டும் முகத்தில் மலர்ச்சி இல்லை. என்னென்ன படித்தீர்கள் என்று கேட்டார். இளைஞர் அந்தாதிகளைச் சொன்னார், பிள்ளைத்தமிழ்களைச் சொன்னார், கோவைகளைச் சொன்னார், புராணங்களைச் சொன்னார். அடுக்கிக்கொண்டே போனார். இதெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்ற தொனியில் முன்சீப் கேட்டார். பிறகு, இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்றார். சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா? மணிமேகலை படித்திருக்கிறீர்களா? சிலப்பதிகாரம் படித்திருக்கிறீர்களா?

படித்ததில்லை. இளைஞர் மட்டுமல்ல, அவருடைய ஆசிரியரும் அவற்றைப் படித்தவர் இல்லை.

அந்த இடத்தில் நாம் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம்? ஆசிரியரைக் குறைவாக நினைக்கிறார் இந்த மனிதர் என்று கோபித்துக்கொண்டு எழுந்து வந்திருப்போமா? இளைஞருக்கும் உள்ளே குமைச்சல் இருந்தது. ஆனால் அவர் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. புத்தகம் கிடைத்தால் படிக்கிறேன் என்று நின்றார். முதலியார் தம்மிடமிருந்த சிந்தாமணிக் கையெழுத்துப் பிரதியை அவர் கையில் கொடுத்தார். அது சமண சமயக் காப்பியம். பல இடங்கள் புரியவில்லை. கும்பகோணத்துச் சமணர் வீடுகளைத் தேடிப் போய், அவர்களிடம் கேட்டுக் கேட்டுப் பொருள் தெரிந்துகொண்டார். ஏழு ஆண்டு உழைப்பு. 1887இல் சீவக சிந்தாமணி அச்சில் வந்தது. 1889இல் பத்துப்பாட்டு. 1892இல் சிலப்பதிகாரம். 1894இல் புறநானூறு. 1898இல் மணிமேகலை.

இது எல்லோருக்கும் தெரிந்த கதைதானே என்று இந்த அவையில் சிலர் நினைக்கலாம். பள்ளிக்கூடத்துத் தமிழ்ப் பாடத்தில் படித்ததுதானே என்று நினைக்கலாம். உண்மைதான். ஆனால் ஒரு கேள்வி. இது நமக்கு எப்படித் தெரிந்தது?

அவரே சொன்னதால் தெரிந்தது! அந்த அறையில் இருந்தது நாற்காலியில் ஒரு முன்சீப், எதிரே ஒரு தமிழாசிரியர். எந்தப் பத்திரிகைக்காரரும் அங்கே இல்லை. அன்று பட்ட வெட்கத்தைப் பிற்காலத்தில் வெளியே சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்குத் துளியும் இல்லை. 1906இல் மகாமகோபாத்தியாயர் பட்டம் வந்துவிட்டது. 1932இல் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் கொடுத்துவிட்டது. நாடே தமிழ்த் தாத்தா என்கிறது. அந்த உயரத்தில் இருந்துகொண்டு, எண்பத்தைந்து வயதில், 1940இல் ஆனந்த விகடனில் தம் வரலாற்றை வாராவாரம் எழுதத் தொடங்கியபோது, அந்த மனிதர் என்ன செய்தார்? அறுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு வியாழக்கிழமை தமக்கு ஒன்றும் தெரியாமல் போன கதையை, தேதி, கிழமை உட்பட எடுத்து வைத்தார்.

பட்டம் வாங்கிய கதையை எவரும் சொல்வார்கள். தன் வாழ்க்கை எந்த இடத்தில் திரும்பியது என்று தெரிந்தவர் மட்டுமே, தான் தலைகுனிந்த கதையைச் சொல்வார். அவருடைய வாழ்க்கையின் பொருள் பட்டமளிப்பு மேடையில் இல்லை, முன்சீப் வீட்டு அறையில் இருக்கிறது. அது அவருக்குத் தெரிந்திருந்தது.

நண்பர்களே, சின்னக் கதை என்று இந்தப் பேச்சு எதைச் சொல்கிறது என்பது இப்போது விளங்கியிருக்கும். ஐந்து நிமிடத்தில் சொல்லி முடியும் கதை. ஓர் இடம், ஒரு நாள், இரண்டு மனிதர்கள். அவர்களுக்கு நடுவே ஏதோ ஒன்று நகர்ந்துவிடுகிறது. நகர்ந்தது அன்றைக்குத் தெரியாது. பல வருஷம் கழித்துச் சொல்லிப் பார்க்கும்போதுதான் தெரியும்.

காந்தியடிகளின் சத்திய சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். 1925 முதல் 1929 வரை நவஜீவன் இதழில் குஜராத்தியில் தொடராக வந்தது. அவர் அப்போது நாட்டையே அசைத்துக்கொண்டிருந்தவர். ஆனால் படித்தவர் மனத்தில் ஆணி அடித்தது போல நிற்பது எது? ஒரு சிறுவன் அண்ணனின் கைக்காப்பிலிருந்து கொஞ்சம் தங்கத்தை வெட்டி எடுக்கிறான், அண்ணன் பட்ட இருபத்தைந்து ரூபாய் கடனை அடைக்க. பிறகு மனம் கேட்கவில்லை. வாயால் சொல்லத் தைரியம் இல்லை. ஒரு சீட்டில் எழுதி, நோயில் படுத்திருக்கும் அப்பாவிடம் நீட்டுகிறான். அப்பா எழுந்து உட்கார்ந்து படிக்கிறார். கண்ணீர் வழிந்து காகிதம் நனைகிறது. சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அகிம்சை என்றால் என்ன என்பதற்கு அந்தக் கிழிந்த சீட்டே தமக்குப் பாடமானது என்று பிற்காலத்தில் அந்த மகன் புரிந்துகொண்டார். அப்பா அடித்திருந்தால் அந்தக் கதை வேறு கதை.

சரி, பெரிய மனிதர்களுக்குச் சின்னக் கதை இருக்கலாம். நம்மைப் போன்ற சாதாரண ஜனங்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அந்தக் கேள்விக்குப் பதில் ஒரு மருத்துவரிடமிருந்து வந்தது.

ராபர்ட் பட்லர் என்பது அவர் பெயர். அமெரிக்காவில் மனநல மருத்துவர். சிறு வயதில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர். வயதானவர்கள் பழைய ஞாபகங்களைத் திரும்பத் திரும்பப் பேசினால், மூளை தளர்ந்துவிட்டது, நிகழ்காலம் பிடிபடவில்லை என்று மருத்துவ உலகம் பொதுவாக நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. 1963இல் பட்லர் ஒரு கட்டுரை எழுதினார். அது நோய் அல்ல, தளர்ச்சி அல்ல. முதுமையில் மனிதமனம் இயல்பாகச் செய்யும் ஒரு வேலை என்றார். வாழ்ந்ததைத் திரும்பிப் பார்த்து, தீராத சச்சரவுகளை எடுத்து வைத்து, கணக்கை நேர் செய்யும் வேலை. வாழ்க்கை மறுபார்வை என்று அதற்குப் பெயர் கொடுத்தார்.

"ஆரம்பிச்சிட்டாருடா" என்று நம் வீடுகளில் சொல்கிறோமே, அந்தத் தாத்தா ஆரம்பித்தது என்ன என்று இப்போது தெரிகிறதா? கணக்கை நேர் செய்ய ஆரம்பித்தார். நாம் நோட்டைப் பிடுங்கிவிட்டோம்.

அடுத்து, கனடாவின் வின்னிபெக் நகரம். அங்கே ஹார்வி மேக்ஸ் சோச்சினோவ் என்ற மனநல மருத்துவர், இனி பிழைக்க வழியில்லை என்ற நிலையில் இருக்கும் நோயாளிகளோடு வேலை செய்கிறவர். வலிக்கு மருந்து இருக்கிறது. மூச்சுத் திணறலுக்கு மருந்து இருக்கிறது. இனி நான் எதற்கு என்ற கேள்விக்கு என்ன மருந்து? அவர் செய்தது மிக எளிமையானது. படுக்கையருகே உட்கார்ந்து சில கேள்விகள் கேட்பது. உங்கள் வாழ்க்கையில் எது உங்களுக்கு மிகவும் ஞாபகம் இருக்கிறது? எப்போது நிஜமாக உயிரோடு இருப்பதாக உணர்ந்தீர்கள்? உங்களைச் சேர்ந்தவர்கள் உங்களைப் பற்றி எதைத் தெரிந்துகொள்ள வேண்டும்? நோயாளி சொல்வதை ஒலிப்பதிவு செய்து, எழுத்தில் இறக்கி, ஒழுங்கு செய்து, அவரிடமே வாசித்துக் காட்டுவார்கள். திருத்த வேண்டியதைத் திருத்தச் சொல்வார்கள். பிறகு அந்தத் தாள்களை அவர் கையில் கொடுத்துவிடுவார்கள். அவர் விரும்பியவருக்கு விட்டுச் செல்லலாம். டிக்னிட்டி தெரபி என்று அதற்குப் பெயர். கண்ணியம் காக்கும் மருத்துவம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

2005இல் இதைச் சோதித்த ஆய்வின் முடிவுகள் வெளியாயின. கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 100 நோயாளிகள். அவர்களில் 76 சதவீதத்தினர் தங்கள் கண்ணியம் உயர்ந்ததாக உணர்ந்தார்கள். 68 சதவீதத்தினருக்கு வாழ்வில் ஒரு நோக்கம் இருக்கிறது என்ற எண்ணம் கூடியது. 47 சதவீதத்தினர் வாழும் விருப்பமே கூடியது என்றார்கள். எண்ணிப் பாருங்கள். கையில் இருப்பது சில வாரங்களோ சில மாதங்களோ. கதையைச் சொன்னதும் வாழும் ஆசை கூடுகிறது!

இங்கே ஒரு செய்தியை மறைக்காமல் சொல்வதுதான் நேர்மை. 2011இல் இதைவிடப் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. கதை சொன்னவர்கள், சாதாரணக் கவனிப்பைப் பெற்றவர்கள் என்று குழுக்களாகப் பிரித்து ஒப்பிட்டார்கள். துயரத்தை அளக்கும் அளவுகோல்களில் அவர்களுக்குள் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆனால் இது தமக்கு உதவியது, கண்ணியத்தைக் கூட்டியது, குடும்பத்துக்கும் உதவும் என்று சொன்னவர்கள் கதை சொன்ன குழுவில்தான் அதிகம். ஆகவே கதை மாத்திரை அல்ல. துக்கத்தைத் துடைத்து எடுத்துவிடாது. துக்கம் இருக்கும் அதே மனத்தில், நான் வீணாகப் பிறக்கவில்லை என்ற ஒன்றையும் கொண்டுவந்து வைக்கிறது. அது போதாதா?

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. அமெரிக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் மாணவர்களைக் கொண்டு ஒரு சோதனை செய்தார். நான்கு நாள், நாளுக்கு பதினைந்து நிமிடம், மனத்தை அறுத்த ஓர் அனுபவத்தை எழுத வேண்டும். சிலர் நடந்ததை மட்டும் எழுதினார்கள், சிலர் உணர்ச்சியை மட்டும் எழுதினார்கள், சிலர் இரண்டையும் சேர்த்து எழுதினார்கள். மூன்றாவது வகையினர் எழுதி முடித்த கையோடு முன்னைவிடச் சோர்ந்துபோனார்கள். ஆனால் அடுத்து வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவரிடம் போனது குறைந்திருந்தது. காயம்பட்ட கதையைச் சொல்லும்போது முதலில் வலிக்கும். அதனால் யாரையும் சொல்லச் சொல்லி நெருக்கக் கூடாது. அவராக எடுக்கட்டும். எடுக்கும்போது பக்கத்தில் ஆள் இருக்கட்டும்.

ஆள் இருக்கட்டும் என்பது முக்கியம். கதை சொல்கிறவரை இதுவரை புகழ்ந்தாயிற்று. கேட்கிறவர் எங்கே?

2003, அக்டோபர். நியூயார்க் நகரத்தின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையம். ஜனங்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு ஓடும் இடம். அந்த நெரிசலுக்கு நடுவே டேவ் ஐசே என்ற வானொலிக்காரர் ஒரு சின்ன அறையை நிறுவினார். திறந்து வைத்தவர் ஸ்டட்ஸ் டெர்க்கல். பெயர் தெரியாத சாதாரண ஜனங்களின் பேச்சைப் பதிவு செய்தே புகழ்பெற்ற எழுத்தாளர், அப்போது வயது 91. அறைக்குள் இரண்டு பேர் போகலாம்: அம்மாவும் மகளும், கணவனும் மனைவியும், இரண்டு பழைய நண்பர்கள். நாற்பது நிமிடம் ஒருவர் கேட்க ஒருவர் சொல்லலாம். ஒலிப்பதிவு உண்டு. இருவரும் சம்மதித்தால் ஒரு பிரதி அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குப் போய்ச் சேரும். ஜனாதிபதிகளின் கடிதங்கள் இருக்கும் அதே நூலகத்தில் ஒரு பஸ் டிரைவரின் குரலும் இருக்கும். ஸ்டோரிகார்ப்ஸ் என்ற அந்த முயற்சி, அந்த ஒரு சிறு அறையிலிருந்து நாடு முழுவதும் பரவியது.

யோசித்துப் பாருங்கள். ஒரே வீட்டில் நாற்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்தவர்கள் எதற்காக ரயில் நிலையத்துக்கு வந்து ஓர் அறைக்குள் உட்கார வேண்டும்? வீட்டில் பேச முடியாதா? முடியாது. வீட்டில் குக்கர் விசில் அடிக்கும், டிவி ஓடும், பால்காரர் வருவார். கேட்பதற்கு என்று ஒதுக்கிய நேரம் வீட்டில் இல்லை. அந்த அறை கொடுத்தது தொழில்நுட்பம் அல்ல, நாற்பது நிமிடம்.

நம் வீட்டில் அந்த அறையை எங்கே வைப்பது? வெங்காயம் உரிக்கும் இடத்தில் வைக்கலாம். மின்சாரம் போன இரவில் மொட்டை மாடியில் வைக்கலாம். ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் வைக்கலாம். ஆனால் கேள்வி கேட்கத் தெரிய வேண்டும். "உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க பாட்டி" என்றால் பாட்டி என்ன சொல்வாள்? "என்னத்தைடா சொல்றது, ஏதோ பொறந்தோம், வளந்தோம்" என்பாள். கதவு அங்கேயே அடைபட்டுவிடும். "பாட்டி, நீ முதன்முதலா சம்பாதிச்ச காசுல என்ன வாங்குன?" என்று கேளுங்கள். "தாத்தா முதல் தடவை கோவிச்சுக்கிட்டது எதுக்கு?" என்று கேளுங்கள். "உங்க அம்மா வச்ச குழம்புல எது உனக்கு இன்னைக்கும் நாக்குல நிக்குது?" என்று கேளுங்கள். விவரத்தைக் கேட்டால் கதை வரும். தத்துவத்தைக் கேட்டால் பெருமூச்சுதான் வரும்.

கதைக்கு உயிர் விவரத்தில் இருக்கிறது. இதற்கும் சாமிநாதையரிடமே போகலாம். பத்துப்பாட்டை அச்சிடும் வேலை. அதில் ஒன்றான குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழிகளும் பறித்துக் குவிக்கும் பூக்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. மொத்தம் 99 பூக்கள். கையிலிருந்த ஏடுகளில் மூன்று பூக்களின் பெயர்கள் மட்டும் சிதைந்து போயிருந்தன. தொண்ணூற்றாறு இருக்கிறதே, போதாதா? வேறு ஒருவர் என்றால் புள்ளி வைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போயிருப்பார். அவர் ஏடு தேடிப் புறப்பட்டார். தருமபுரம் ஆதீனத்து ஏட்டுக் கட்டுகளுக்குள் துழாவி, அந்த மூன்று பூக்களையும் கண்டெடுத்துக் கொண்டுவந்தார்.

ஏதோ ஒரு வருஷம், ஏதோ ஒரு ஊர், யாரோ ஒருத்தர் என்று நம் வீட்டுக் கதைகளைச் சொல்லும்போது, ஒரு நிமிடம் நிறுத்தி அந்த மூன்று பூக்களை நினைத்துக்கொள்ளலாம். அம்மாவுக்கு நகை அடகு வைத்துப் பணம் கொடுத்தவர் "யாரோ ஒரு மனுஷர்" அல்லர். அவருக்குப் பெயர் இருந்தது. அந்தப் பெயர் இன்று அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

அம்மாவுக்குப் பிறகு?

கரிவலம்வந்தநல்லூர். தென்பாண்டி நாட்டுச் சிவத்தலம். அங்கே கோயிலில் பழைய ஏடுகள் நிறைய இருப்பதாகக் கேள்விப்பட்டு சாமிநாதையர் ஆவலோடு போனார். ஏடுகள் எங்கே என்றார். பழுதான ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட வேண்டும் என்று சாஸ்திரம் சொல்கிறதாம், அப்படியே செய்துவிட்டோம் என்று பதில் வந்தது. அவர் நின்ற நிலையை நினைத்துப் பாருங்கள். அந்த ஏடுகளில் என்ன இருந்தது என்று இனி எவருக்கும் தெரியாது. எரித்தவர்கள் பொல்லாதவர்கள் அல்லர். மரியாதையோடுதான் எரித்தார்கள், நெய் ஊற்றித்தான் எரித்தார்கள். படித்துப் பார்க்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் நாம் மரியாதையில் குறை வைப்பதில்லை. காலில் விழுகிறோம், மாத்திரை வாங்கிக் கொடுக்கிறோம், எண்பதாம் கல்யாணம் செய்து வைக்கிறோம், கடைசியில் நெய் ஊற்றித்தான் அனுப்புகிறோம்.

அந்த வியாழக்கிழமைக் கதையைச் சொன்ன கிழவருக்கும் நேரம் போதவில்லை. 1942இல் போர் மூண்டிருந்த நேரம். சென்னையில் குண்டு விழும் என்று நகரம் காலியாகிக்கொண்டிருந்தது. திருவல்லிக்கேணி வீட்டை விட்டுத் திருக்கழுக்குன்றத்துக்குப் போனார். ஏப்ரல் 28 அன்று அங்கே காலமானார். விகடனில் வந்துகொண்டிருந்த தொடர் 1899ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளோடு நின்றுவிட்டது. இன்னும் நாற்பத்திரண்டு ஆண்டுக் கதை பாக்கி. 1950இல் 'என் சரித்திரம்' புத்தகமாக வந்தபோதும் அந்த இடத்தோடுதான் முடிந்தது. பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த மாணவர் கி.வா.ஜகந்நாதன், ஆசிரியர் விட்ட இடத்திலிருந்து தமக்குத் தெரிந்த மிச்சக் கதையைப் பின்னாளில் 'என் ஆசிரியப்பிரான்' என்ற தம் புத்தகத்தில் எழுதி வைத்தார்.